கேதீசன் தேய்த்த கல்மரத் தட்டு

"டொங்!"

முன்னறையில் சத்தம் கேட்டதும், அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பாலசுந்தரி பதறி ஓடிவந்தாள். வவுனியா முகாமிலிருந்து முந்தாநாள்தான் தன்னாமுனைக்குத் திரும்பியிருந்த கலாஜினி, மேசையில் கிடந்த தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"மரம் எண்டு நினைச்சித் தூக்கினன் மாமி. பாரத்தில கை வழுக்கித்து."

"எல்லாரும் அப்பிடித்தான் ஏமாறுற. அது கல்லு புள்ள. மண்ணுக்குள்ள கிடந்து கல்லாப்போன மரம். என்ட மகன் செஞ்சது."

நாவலடியில் சுனாமி அடித்தபோது பாலசுந்தரியின் கணவனையும் வீட்டையும் கடல் கொண்டுபோனது. பதினெட்டு வயது மகன் கேதீசன், காத்தான்குடியில் அப்துல் கபூர் முதலாளியின் கல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். வெளிநாட்டிலிருந்து வரும் கல்மரத்தை வெட்டி, குடைந்து, பழத்தட்டுகளாக்கி ஹோட்டல்களுக்கு அனுப்புவார்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் தேய்ப்பான் கேதீசன். பிறகு கன்னத்தை வைத்துப் பார்ப்பான். கொஞ்சம் சொரசொரத்தாலும் மறுபடி தேய்ப்பான். விளிம்பு உடைந்ததென்று முதலாளி ஒதுக்கிய ஒன்றைத்தான் அம்மாவுக்குக் கொண்டுவந்தான்.

அடுத்த வருடம், பட்டறையிலிருந்து வரும் வழியில் இயக்கத்துக்காரர்கள் அவனைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வன்னியில் இருக்கிறான் என்று மட்டும் கேள்வி. போர் முடிந்து ஏழு மாதமாகியும் ஒரு தகவலும் இல்லை.

"வன்னியில எங்களோட இரிக்கக்குள்ளயும் கல்லுக் கதைதான் மாமி," கலாஜினி சிரிக்கப் பார்த்தாள். "பங்கருக்குள்ள இரிந்துகொண்டு, 'உன்ட மூஞ்சையும் கொஞ்சம் தேய்ச்சி விடட்டா?' எண்டு பகிடி விடுவார்."

பாலசுந்தரி அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"ஒண்டு மட்டும் சொல்லு கா. என்ட புள்ள உசிரோட இரிக்கானா?"

கலாஜினி தட்டின் உடைந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இரிக்கார் மாமி. வேற முகாமில இரிப்பார். கட்டாயம் வருவார்."

பாலசுந்தரி இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டாள். தெய்வமே! ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். அதைப் பார்க்கச் சகிக்காமல் கலாஜினி வாசலுக்கு நடந்தாள். தேநீருக்கும் காத்திருக்கவில்லை. படியில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் இறங்கி நடந்தாள்.

பாலசுந்தரி வாசல்வரை ஓடினாள். செத்த வீட்டிலிருந்து போகிறவர்கள்தானே 'போயித்து வாறன்' என்று சொல்வதில்லை!

"புள்ள! போயித்து வாறன் எண்டு சொல்லித்துப் போ கா!"

கலாஜினியின் நடை ஒரு கணம் நின்றது. அவள் திரும்பவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, விறுவிறுவென்று தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

பாலசுந்தரி வெகுநேரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.