சராசரியில் சேராதவர்களின் சித்ரா மேடம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது போன் வந்தது. "சார், சித்ரா மேடம் போயிட்டாங்க." பேசியது அவருடைய பழைய மாணவி கலைச்செல்வி. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் பெயரைக் கெடுத்தவர் இன்னும் நெஞ்சை நிமிர்த்தி நடமாடுகிறாரே!

ஸ்ரீரங்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் ஆங்கிலம். அவர் அடிப்படைப் புள்ளியியலும் அலகு மாற்றமும் நடத்தினார். யாராவது வெறும் எண்ணை விடையாகச் சொன்னால் விடமாட்டார். "நாலுன்னா என்னம்மா? நாலு கிராமா, நாலு லாரியா? சொல்லிட்டு உக்காருங்க" என்பார்.

ஒரு வருடம் தேர்வு முடிவு வந்ததும் சென்டர் முதலாளி வாசலில் பிளெக்ஸ் வைத்தார். எங்கள் சராசரி மதிப்பெண் நூறை ஒட்டியதாம். மேடம் நேரே போய்க் கேட்டார்.

"பெயிலான பிள்ளைங்கள எங்க சார் சேர்த்தீங்க?"

"அவங்கள எதுக்கு மேடம் கணக்குல எடுக்கணும்?"

"அவங்களுக்கும் நான் பாடம் நடத்தினேனே சார்."

பிளெக்ஸ் அப்படியே இருந்தது. மேடத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். "அந்தம்மாவுக்குக் கணக்கே தப்பா வருது" என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிவைத்தார். மற்ற சென்டர்களும் கதவைச் சாத்தின. மேடம் பெயிலான பிள்ளைகளை வீட்டுக்கே வரவழைத்துச் சொல்லிக்கொடுத்தார். "நீங்க ஏன் அவரைத் திருப்பிக் கேக்கல?" என்றேன்.

"நீங்க கேளுங்க சார். எனக்குப் பிள்ளைங்க வந்து உக்காந்திருக்காங்க."

அன்றே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

இரங்கல் கூட்டத்துக்கு முதலாளியும் மாலையோடு வந்தார். அழைத்தவன் நானே. மைக்கைப் பிடித்தவர், அந்தச் சராசரிதான் மேடத்தின் சாதனை என்று கூசாமல் பேசினார். முன்வரிசையில் யாரை உட்காரவைத்திருக்கிறேன் என்று அவர் பார்க்கவில்லை.

கலைச்செல்வி எழுந்தாள். உப்பிலியபுரத்துப் பெண். அந்த வருடம் தோற்று, மேடம் வீட்டில் படித்து, இன்று நோயாளிகளுக்கு மருந்தளவு கணக்கிடும் நர்ஸ்.

"சார், அந்தச் சராசரியில நான் இருக்கேனா?"

அவள் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். "நான் இருக்கேனா சார்?" பிறகு வரிசை முழுக்க எழுந்தது. அவர் மைக்கை வைத்துவிட்டு நழுவப் பார்த்தார். யாரும் வழிவிடவில்லை. எனக்கு இனித்தது, மறைக்கமாட்டேன்.

"கணக்கு யாருக்குத் தப்பா வருதுன்னு சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

"எனக்குத்தாங்க" என்றார், தரையைப் பார்த்தபடி.

அவர் கொண்டுவந்த மாலையை மேடத்தின் படத்திலிருந்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்தனுப்பினோம். பிள்ளைகள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

கேட்டுவிட்டேன், மேடம். போய் வாருங்கள்.