பாகல் பந்தலும் பழி சுமந்த மாடும்

பரமத்தி வேலூர்ப் பக்கம் தோட்டக்கலைத் துறையில் களப்பணியில் இருந்தபோது, ஒரு கறவை மாட்டுக்காக நான் வாதாட வேண்டி வந்தது.

சரஸ்வதி அக்கா போன் செய்து பாகல் பந்தலைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். பிஞ்செல்லாம் கோணிப்போய், உள்ளே புழு. பக்கத்துக் கொட்டகையில் மாடு நிற்க முடியாமல் காலை உதறிக்கொண்டிருந்தது. கால் முழுக்க ஈ.

அவர் கணவர் பழனிசாமி தீர்ப்பே எழுதிவிட்டார். மாட்டை மொய்க்கிற ஈதான் பந்தலுக்கும் வருகிறதாம். அடுத்த சந்தைக்கு மாட்டை ஏற்ற வண்டியும் சொல்லியாயிற்று. அக்கா என்னைத் தனியாகப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க சார், கன்னுல இருந்து நான் வளத்ததுங்க. அதை வித்தாத்தான் பந்தல் பொழைக்குமுங்களா?"

இரண்டு ஈயையும் பிடித்துத் தனித்தனி பாட்டிலில் போட்டு பழனிசாமியிடம் காட்டினேன். பந்தலில் இருந்தது பழ ஈ. செம்பழுப்பு நிறம், சின்னக் குளவி மாதிரி, இறக்கையில் திட்டு. வால் நுனி ஊசியால் பிஞ்சைக் குத்தி முட்டை வைக்கும். மாட்டின் மேல் இருந்தது கடி ஈ. சாம்பல் நிறம், பார்த்தால் வீட்டு ஈதான். ஆனால் இதற்கு ஊசி வாயில். ரத்தம் குடிக்கும்; பாகற்காயைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அவர் மசியவில்லை. "பந்தல் ஈ எருக்குழியில இருந்துதானுங்க கெளம்புது. கண்ணுல பாத்தனுங்க."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் போய்ப் பார்த்தேன். மனிதர் சொன்னது நிஜம். சொத்தைக் காயை எல்லாம் பறித்து எருக்குழியில் கொட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான். புழு காயை விட்டு மண்ணில் இறங்கி, கூடு கட்டி, ஈயாகி மறுபடி பந்தலுக்கே பறக்கிறது.

"மாடு பாவமுங்க. சொத்தையைக் குழியில போட்டது நாமதானுங்க" என்றேன். ஒரு பறிப்பு பார்த்துவிட்டு மாட்டை விற்பதா என்று முடிவு செய்யலாம் என்றார் பழனிசாமி.

சொத்தைக் காயைச் சாக்கில் இறுகக் கட்டி வெயிலில் போட்டார்கள். பந்தலில் பழ ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் கவர்ச்சிப் பொறி தொங்கவிட்டோம். கடி ஈ முட்டை வைப்பது ஈரச் சாணியிலும் நனைந்த வைக்கோலிலும் என்பதால், கொட்டகையைத் தினமும் வாரிக் காயவைத்தார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பூச்சியின் பெயரைச் சொன்னதோடு கிளம்பிவிடாதீர்கள். விவசாயி கைகாட்டுகிற இடத்தையும் போய்ப் பாருங்கள்.

அடுத்த பறிப்பில் காய் நேராக வந்தது. மாட்டுக்குச் சொல்லிவைத்த அதே வண்டியில் பாகற்காய் மூட்டைகள் சந்தைக்குப் போயின. மாடு கால் உதறாமல் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.