ஒரு போகத்துக்கு ஒரு கோடி வருஷம்

கச்சிராயபாளையத்து அய்யப்பன் பதில் சொல்ல அவசரப்படாதவன். ‘சாப்பிட்டாயா’ என்று காலையில் கேட்டால் சாயங்காலம் ‘ஆச்சு’ என்பான். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், மதியமே சொல்லிவிடுவான். கோமுகி அணைதான் பெரிய தண்ணீர் என்று நம்பும் ஊரிலிருந்து போய், இந்தியப் பெருங்கடலின் நடுவே ஓர் ஆய்வுக் கப்பலில் வேலை பார்க்கிறான். ஐயாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து ஏறிவரும் கருப்பு உருண்டைகளைச் சேறு போகக் கழுவுவது அவன் பாடு.

அம்மா போனபிறகு வீட்டில் ஆளில்லை. விடுப்பில் வந்தால் பூட்டைத் திறப்பதும் அவனே, ‘வா’ என்று சொல்லிக்கொள்வதும் அவனே. நாற்பத்தொரு வயதில் ஒரு வரன் வந்தது. மணலூர்பேட்டைக் கரும்பு விவசாயி ராஜாங்கம், மகள் அமிர்தத்தோடு வீடு பார்க்க வந்தார். இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் வரப்போவதில்லை என்பது அய்யப்பனுக்குத் தெரியும்.

“கடல்ல இன்னா வேல தம்பி?” என்றார் ராஜாங்கம்.

“கல்லு எடுக்கறங்க. உருளக்கெழங்கு மாதிரி, சேத்து மேல கெடக்கும். வளர்ற கல்லு.”

“வளருதா! வருசத்துக்கு எத்தினி போகம்?”

“ஒரு போகத்துக்கு ஒரு கோடி வருசம்ங்க.”

“கரும்புக்குப் பத்து மாசம் காத்துக்கினு கெடக்கறதுக்கே எனக்கு உசுரு போவுது!”

அமிர்தம் சிரித்துவிட்டாள். அண்ணன் குடும்பம் நிறைந்த வீட்டில், ஒரு மூலையில் தையல் மிஷினோடு இருப்பவள். சிரிப்பு அவளுக்கே புதிது. “கல்லு எப்பிடிங்க வளரும்?” என்றாள்.

“மொதல்ல ஒரு சுறாப் பல்லோ, சிப்பித் துண்டோ கெடக்கும். தண்ணியில கரைஞ்ச மாங்கனீசும் இரும்பும் அது மேல படியும், உப்புத்தண்ணி காய்ச்சற அண்டாவுல படியுதே அப்பிடி. கீழ சேத்துலருந்து செம்பும் நிக்கலும் ஊறி வந்து சேரும். பத்து லட்சம் வருசத்துக்கு நகக்கண்ணு அளவு.”

“அது வரைக்கும் தனியாவா கெடக்கும்?”

“பக்கத்துல நெறைய கெடக்குங்க. சிலது ரெண்டு ரெண்டா வளந்து ஒட்டிக்கும்.”

“நீங்க வருசத்துல எத்தினி மாசம் வூட்ல இருப்பீங்க?”

“ரெண்டு.”

அவள் சிரிப்பு நின்றது. “கூட்டத்துல தனியா கெடந்து சலிச்சிப் போச்சுங்க. கப்பல வுட்டுட்டு இங்கியே இருக்கறன்னு சொல்லுங்க. இப்பவே சரின்னுட்டு போறன்.”

அய்யப்பன் வாயைத் திறந்தான். டீயில் ஆடை கட்டியது. ராஜாங்கம் மகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு எழுந்தார். “பஸ்சுக்கு நேரமாச்சும்மா.”

அடுத்த பயணத்தில், கப்பலில் சேறு கழுவிக்கொண்டிருந்தபோதுதான் பதில் வாய்க்கு வந்தது: இருக்கறங்க, வந்துடறன். கப்பல் போனுக்கு முறை வாங்கி, அந்த இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே மணலூர்பேட்டைக்கு அடித்தான்.

“தையிலயே கல்யாணம் முடிஞ்சிப் போச்சே தம்பி,” என்றார் ராஜாங்கம். “வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“நல்லா இருக்கட்டுங்க” என்றான் அய்யப்பன்.

அதை மட்டும் உடனே சொன்னான்.