நிரஞ்சனி டீச்சர் நிற்காத வரி

உக்குவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவரின் மகள் நிரஞ்சனி. அந்த லயத்து வரிசை வீடுகளின் முதல் பட்டதாரி. டவுன் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கத் தொடங்கி மூன்றாவது வருடம். கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடு, அந்த வரியை அப்படியே எழுது. அப்படித்தான் படித்தாள், அப்படித்தான் படிப்பித்தாள். பிள்ளைகள் சோதனையில் நல்ல புள்ளியும் வாங்கினார்கள்.

போன மாதம் ஆசிரியர் பயிற்சியில் வேறு மாதிரிச் சொன்னார்கள். வாசிக்கும்போது விளங்காத இடத்தில் நிற்க வேண்டும்; ஏன் என்று கேட்க வேண்டும். முதலில் ஆசிரியரே நின்று காட்ட வேண்டும்.

எட்டாம் வகுப்பின் கடைசிப் பாடவேளை. லக்கல விவசாயிகளைப் பற்றிய பாடம். தெரிந்த சொல்லிலேயே வேண்டுமென்று நின்று, நெற்றியைச் சுருக்கினாள்.

"சேனைன்னா என்ன புள்ளைங்களா? எனக்கு வெளங்கலையே!"

"டீச்சருக்கே தெரியாதாம்டா!" என்று துஷாந்த் கத்தினான். காட்டை வெட்டிப் பயிர் செய்வது என்று ஆளாளுக்கு விளக்கினார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை; சிரித்த சிரிப்பிலேயே நடிப்பென்று பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த பந்தியில் ஸஹ்னா எழுந்தாள். அதிகம் வாய் திறக்காத பிள்ளை.

"டீச்சர், அந்த வருசம் ஆனை வரல்ல, ஊராக்கள் இன்னும் கூடப் பயந்தாங்கன்னு இருக்கு. ஆனை வராட்டி சந்தோசம் தானே? என்னத்துக்குப் பயந்தாங்க?"

மூன்று வருடமாகப் படிப்பித்த வரி. ஒருநாளும் அவள் அங்கே நின்றதில்லை.

"அதெல்லாம் சோதனைக்கு வராது மகள். ஒக்காருங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஸஹ்னாவின் முகம் சுண்டிப்போயிற்று.

நிரஞ்சனி அந்த வரியைத் திரும்பப் பார்த்தாள். பட்டம் வரைக்கும் இப்படி நிற்காமல்தானே ஓடி வந்தோம்? புத்தகத்தைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் அது வெளங்கல புள்ளைங்களா."

"பாருங்கடா, டீச்சர் திரும்ப நடிக்கிறாங்க!" துஷாந்த் கைதட்டினான்.

இல்லை, இது நடிப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

மணி அடித்து மற்றவர்கள் ஓடிய பிறகு, ஸஹ்னாவின் மேசையருகே நின்று பந்தியை மறுபடி வாசித்தாள். இரண்டு வரி மேலேயே மழை பொய்த்தது என்று இருந்தது. விளைந்தால்தானே யானை தேடி வரும்? யானையும் வராத வருடம் பட்டினி வருடம்.

"மகள், இங்க வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்."

ஸஹ்னா புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வெளங்கிட்டு டீச்சர்."

"அப்ப ஏன் பயந்தாங்க? சொல்லுங்க."

"வேன் வந்துட்டு டீச்சர்," என்றாள் அவள், தலை நிமிராமல்.

யன்னலுக்கு வெளியே, பள்ளிக் கேற்றடியில் வேன் எதுவும் இல்லை.