அம்மா அசைந்துவிட்ட படம்

அக்கா கன்னியர் மடத்தில் சேரப்போகிறாள் என்று முடிவானதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். போவதற்கு முன்னால் குடும்பமாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் எங்கள் தெருக் கிறிஸ்தவர்களிடம் அது ஒரு வழக்கமாகவே இருந்தது. மடத்துக்குப் போகிற பெண்ணுக்குக் கல்யாணப் படம் என்று ஒன்று வரப்போவதில்லை. அதனால் பட்டுச்சேலை கட்டி, அக்கம்பக்கத்து நகைகளை இரவல் வாங்கிப் போட்டு, மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் பெண்ணாக அவளை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போவார்கள். மடத்துக்குப் போன பிறகு அவள் வீட்டுக்கு வருவது என்பது அப்போது கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் படம்தான் இனிமேல் வீட்டில் இருக்கப்போகும் அக்கா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா போவதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. சாமிக்கு ஆள் வேண்டுமென்றால் எதிர்வீட்டில் நாலு பெண்கள் இருந்தார்கள், அவர்களைக் கேட்டிருக்கலாம். இதை நான் சத்தமாகவே சொன்னேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், முறைத்தார். அம்மா மட்டும் முறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்டூடியோவுக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி. கூரையில் ஒரு பகுதிக்குக் கண்ணாடி போட்டு, வெயில் வெளிச்சத்திலேயே படம் எடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால், நன்மை வாங்குவதற்காக ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடாத வெறும் வயிற்றோடு நாலு பேரும் படியேறினோம். அம்மா முதல் நாளே நிலக்கோட்டை மல்லிகைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அக்கா இனிமேல் பூ வைக்கப்போவதில்லை என்பதால் ஆயுசுக்கும் சேர்த்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது. பூ பாரத்தில் அக்காவுக்குத் தலை பின்னால் சாய்ந்தது.

போட்டோக்காரர் அப்பாவையும் அம்மாவையும் நாற்காலியில் உட்கார வைத்தார். அம்மாவை ஒட்டி அக்காவை நிறுத்தினார், அப்பாவை ஒட்டி என்னை. கேமராவின் கறுப்புத் துணிக்குள் புகுந்து வெளியே வந்தார்.

"மூடியக் கழத்துனா இமைகூட அசையக் கூடாது. யாரு அசைஞ்சாலும் மூஞ்சி கலைஞ்சு போயிரும், சொல்லிப்பிட்டேன்."

மூன்று முறை மூடியைக் கழற்றினார். முதல் தடவை அக்கா கோர்ட்டுக் கூண்டில் நிற்கிறவள் போல விறைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் தடவை அந்த நிசப்தத்தில் அப்பாவின் வயிறு கடகடவென்று இரைந்தது. வகுப்பில் ஒரு தும்மலைக்கூடப் பொறுக்காத அப்பா! அக்காவால் அடக்க முடியவில்லை, முன்பல் இடைவெளி தெரியச் சிரித்துவிட்டு, சிரித்த வாயோடு அப்படியே அசையாமல் நின்றாள். மூன்றாம் தடவை எல்லாரும் ஒழுங்காக இருந்தோம், அக்கா மட்டும் கண்ணை மூடிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மூன்று படங்களையும் சின்னச் சின்னக் காகிதத்தில் மாதிரி போட்டுக் கொடுத்தார். "இதுக கழுவாத படம். வெளிச்சத்துல காட்டுனா கறுத்துப் போயிரும். உள்ள வச்சுப் பாத்துட்டு, எது வேணும்னு சீக்கிரமாச் சொல்லுங்க" என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் தெருவில் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்காத எதுவும் பார்த்த கணக்கில் சேராது. சங்கிலி இரவல் கொடுத்தவள் தன் சங்கிலி தெரிகிறதா என்று பார்க்க வந்தாள். சேலை கொடுத்தவள் கரை தெரிகிறதா என்று பார்க்க வந்தாள். ஒன்றும் கொடுக்காதவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவரும் நிலைப்படியில் நின்று வெயிலில் நீட்டிப் பார்த்தார்கள். அம்மாவும் யோக்கியம் இல்லை. இரண்டாவது படத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு எத்தனை தடவை போனாளோ. வாரம் முடிவதற்குள் மூன்றும் கத்தரிக்காய் நிறமாகிவிட்டன.

முழுக்கக் கறுப்பதற்குள் வீட்டில் ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. அப்பாவுக்கு மூன்றாவதுதான் பிடித்தது. எனக்கும் அதுதான். அதில் நான் ராணி மாதிரி இருந்தேன். இரண்டாவதில் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றேன். அம்மா மூன்றாவதில் நேராகப் பார்த்தபடி, உதட்டை லேசாக அழுத்திக்கொண்டு, அம்மாவாகவே இருந்தாள். அக்காவின் மூடிய கண்களைப் பென்சிலால் திறந்துவிடலாம் என்று போட்டோக்காரர் சொன்னதாக அப்பா சொன்னார்.

"அவ கண்ண அவரு வரையிறதா?" என்றாள் அம்மா. "ரெண்டாவதையே போடச் சொல்லுங்க. அதுலதான் எம்புள்ள சிரிக்குது."

"அதுல ஓம் மூஞ்சியே இல்லையே."

இல்லைதான். அம்மா அசைந்துவிட்டாள். அவள் கழுத்துக்கு மேலே மாவைத் தேய்த்தது போல் ஒரு வெள்ளைக் கலங்கல், அவ்வளவுதான்.

"எம் மூஞ்சிக்கு என்ன, நான் எங்க போகப் போறேன்? பாக்கணும்னா அடுப்படிக்கு வந்து பாத்துக்கங்க."

மறுநாள் அப்பாவோடு அம்மாவும் நானும் ஸ்டூடியோவுக்குப் போனோம். போட்டோக்காரருக்கு மனசே இல்லை. தன் கடை பெயர் போட்டு இப்படி ஒரு படம் வெளியே போவதா என்று வருத்தப்பட்டார். அக்காவின் பல் இடைவெளியையாவது அடைத்துவிடுகிறேன் என்றார்.

"பல்லத் தொட்டீங்கன்னா படமே வேணாம்" என்றாள் அம்மா.

"சரி, விடுங்கம்மா. ஒங்க மொகத்துலயாச்சும் கண்ணு மூக்கு வரஞ்சு தாரேன். அம்புட்டும் தத்ரூபமா இருக்கும்."

"வேற யாரு கண்ணோ எனக்கு எதுக்கு? அப்படியே குடுங்க."

அப்படியே கொடுத்தார். கண்ணாடி போட்டு, சட்டம் போட்டு, சுவரில் ஏறியது. அக்கா மார்கழி பிறப்பதற்கு முன் போய்விட்டாள். அவள் பாயில் நான் மட்டும் படுத்தேன், இடம் தாராளமாக இருந்தும் தூக்கம் வரவில்லை. அம்மா உலை வைத்துவிட்டு வந்து அந்தப் படத்தைப் பார்ப்பாள், குழம்பு இறக்கிவிட்டு வந்து பார்ப்பாள். நான் வீட்டில் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்க, சுவரில் இருப்பவளிடம் அவ்வளவு என்ன பார்வை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமைதான், வேறென்ன.

அறுபதுகளின் நடுவில் அம்மா காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அக்காவுக்குத் தந்தி போயிற்று. மடத்து ஒழுங்குப்படி அவளால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, அம்மாவுக்கு வேறு படமே கிடையாது. அவள் கல்யாணத்தில் யாரும் படம் எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அப்பா ஸ்டூடியோவுக்கு ஓடினார். படம் அப்போது கண்ணாடித் தகட்டில்தான் பதியும். முதல் படமோ மூன்றாவதோ, ஒரு தகடு கிடைத்தால் மறுபடி பிரதி போட்டுக்கொள்ளலாம். போட்டோக்காரர் தலையைச் சொறிந்தாராம்.

"ஆர்டர் குடுக்காத தகட்ட எல்லாம் கழுவி, பிரேமுக்குக் கண்ணாடியாப் போட்டுருவோம் சார். ஒங்க படத்துக்கு முன்னாடி இருக்கறதே அதுல ஒண்ணா இருந்தாலும் இருக்கும்."

அப்பா அதைச் சொல்லிவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். நான் படத்தை இறக்கி, கண்ணாடியை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு புருவத்தின் கோடாவது தெரியாதா என்று இருந்தது. பளிச்சென்று இருந்தது கண்ணாடி. பாவி மனுஷன், இவ்வளவு சுத்தமாகக் கழுவியிருக்க வேண்டாம். அன்றைக்கு நான் ராணி மாதிரி தெரிகிற படம்தான் வேண்டுமென்று இன்னும் கொஞ்சம் அழுது புரண்டிருந்தால் அம்மாவின் முகம் எங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

சில வருஷங்களில் மடத்து ஒழுங்குகள் தளர்ந்தன. ஒரு நாள் காலையில் அக்கா வந்தாள், கூட இன்னொரு சிஸ்டரும். மத்தியான பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். வெள்ளை உடுப்புக்குள் அவள் முகம் சிறுத்திருந்தது. கல்லறைக்குப் போய் வந்ததும் அம்மா படம் எங்கே என்று கேட்டாள். சுவரில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதை அவள் அன்றுதான் முதல்முறையாகச் சரியாகப் பார்க்கிறாள். புறப்படுகிற அவசரத்தில் யார் அதை உட்கார்ந்து பார்த்தார்கள்?

"இதுல நான்ல இருக்கேன்" என்றாள். "அம்மா எங்க?"

நான் கலங்கலைக் காட்டினேன். "நீ சிரிச்ச. ஒன்னயப் பாக்கத் திரும்பிட்டாக."

அக்கா தன் சிரித்த முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த வெள்ளையையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அம்மா மொகம் மறந்துக்கிட்டே வருது. செபம் சொல்றப்ப வரவே மாட்டேங்குது. ஒரு படம் இருக்கும்ல, பாத்துக்கிரலாம்னுதான் இம்புட்டு வருஷமாத் தைரியமா இருந்தேன்."

எனக்கும் மறந்துகொண்டுதான் வந்தது.

அவள் படத்தைக் கீழே வைத்தாள். என் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"நீ அம்மா சாடைன்னு எல்லாரும் சொல்றாக. செத்த நேரம் இப்படியே இரு."

இருந்தேன். என் நெற்றியை, புருவத்தை, உதட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் பார்த்தது என்னை அல்ல. கூட வந்த சிஸ்டர் வாசலில் நின்று பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார். எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. துடைத்தால் முகம் மாறிவிடும் என்று துடைக்காமல் உதட்டை லேசாக அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.