முகத்தைப் பார்த்த கடைக்காரர்

பஸ் குலுங்கினால் மிச்சமும் அழிந்துபோகுமோ என்ற பயத்தில், புத்தூரிலிருந்து திருப்பதி வரை ஹார்ட் டிஸ்க்கை மடியிலேயே வைத்திருந்தேன். இறந்துபோன என் மகள் பேசும் ஒரே வீடியோ அதில்தான் இருந்தது. மச்சான் விண்டோஸ் போடும்போது அந்த டிரைவையே அழித்துவிட்டார். அப்புறம் வேலை செய்கிறதா என்று ஒரு சினிமாவை வேறு ஏற்றிப் பார்த்திருந்தார்.

அழிந்த ஃபைல்களை மீட்டுத் தரும் அந்தக் கடைக்காரருக்கு நரைத்த தாடி. மீட்ட வீடியோவைத் திறந்ததும் திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, என் முகத்தையே பார்த்தார்.

“நீங்க பாக்கலியாண்ணா?”

“வந்திச்சா இல்லியான்னு உன் மூஞ்சில தெரிஞ்சிடும்பா.”

பச்சைக் கட்டங்கள்தான் ஓடின. சத்தமே இல்லை.

“அந்த சினிமா, பாப்பா வீடியோ மேலயே போயி உக்காந்துகிச்சி. இனிமே வராதுப்பா.”

நான் எழுந்திருக்கவில்லை. சற்று நேரம் கழித்து, “இன்னொரு தபா தேடறேன், உக்காரு” என்றார்.

சாயங்காலம் வரை தேடிக்கொண்டிருந்தார். வராது என்று தெரிந்தவர் ஏன் அப்படித் தேடினாரோ தெரியவில்லை; எழுந்து வர எனக்கும் மனம் வரவில்லை.