ஐந்தாவது குரல்

இரண்டு கால் இரும்பு இசைக்கவை ஒன்று என் சட்டைப்பையில் கிடக்கிறது. முட்டியில் தட்டினால் ஒரே சுரம் ஒலிக்கும். அந்தச் சுரத்தைப் பிடித்துத்தான் எங்கள் காலனிக் கோயிலின் பாட்டுக்குழு தொடங்கும். கவை என் அக்கா புருஷனுடையது. பன்னிரண்டு பேரை நாலு குரலாகப் பிரித்துப் பாடவைத்தவர் மாமாதான். எனக்குக் கிடைத்தது ஐந்தாவது குரல். “மச்சான், நீ வாய மட்டும் அசை. சத்தம் வந்துச்சு, கர்த்தரே எழுந்து வூட்டுக்குப் பூடுவாரு” என்பார். பள்ளிக்கூடம் போகாத எனக்கு வந்த ஒரே பதவி அது, சந்தோஷமாக அசைத்தேன்.

எழுபதுகளில், படாளத்துப் பக்கம் ரோட்டோர டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குக் கொட்டாங்குச்சியில்தான் டீ. மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடை எதிரே வரிசையாக நின்று, கண்ணாடி கிளாஸில் டீ தரும்வரை பாடுவது. சண்டை போட்டால் போலீஸ் வரும், பாட்டுக்கு எவன் வருவான் என்றார். மூன்றாவது ஞாயிறு ஒரு லாரி டிரைவர் தன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “அவங்களுக்கு இல்லாத கிளாஸு எனக்கு இன்னாத்துக்கு?” என்றார். கடைக்காரரின் கை கிளாஸ்களை நோக்கிப் போனது. அப்போதுதான் ஊர்ப் பண்ணையாரின் ஆட்கள் நால்வர் தடியோடு வந்தார்கள்.

மற்றவர்கள் வயலில் இறங்கி ஓடினார்கள். சிக்கியது மாமாவும் நானும்.

“பாடுனது எவன்டா?”

“நான் பாடலீங்க அண்ணாத்த. சும்மா வாயத்தான் அசைச்சிகினு இருந்தேன்.”

“எங்க, பாடு பாக்கலாம்.”

பாடினேன். உயிர் போகிற பயத்தில், வாழ்நாளில் முதன்முறையாக உரக்கப் பாடினேன். நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “நெசமாத்தான் சொல்றான், இவன வுடு” என்றான் ஒருவன். இன்னொருவன் சிரிப்பு அடங்காமலே மாமாவின் தாடையில் தடியை இறக்கினான். நான் அடுத்த சரணத்தில் இருந்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “உம் மேல ஒரு கீறலு கூட இல்லியேடா?”

கிளாஸ் கிடைக்க மேலும் எட்டு மாதம் ஆனது. ஒவ்வொரு ஞாயிறும் குழு போய் நின்றது. மாமா கவையைத் தட்டிவிட்டு வரிசையின் கடைசிக்கு, என் பக்கத்துக்கு வந்துவிடுவார். தாடை கோணலாகக் கூடியிருந்தது, குரல் எழவில்லை. வாய் அசைப்பவர்கள் இருவரானோம். அவர் அசைத்ததில் ஒரு வார்த்தை தவறாது. எனக்கு அப்போதும் பாதிப் பாட்டுதான் தெரியும்.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். நேற்று அதே இடத்துக் கடையில், கண்ணாடி கிளாஸில் டீ வாங்கி, விளிம்பில் கவையைத் தட்டினேன். சுரம் எழுந்தது.

“இன்னா பெருசு, சக்கர பத்தலியா?” என்றார் கடைக்காரர்.

வாயை அசைத்தேன்.